உண்ணிக்கு மருந்து உடம்பில் இல்லை, உடுப்பில்

மாட்டுப் பட்டிக்குப் போகிற எங்கள் ஆட்கள் சிலர், மாட்டுக்கு அடிக்கிற உண்ணி மருந்தையே போத்தல் மூடியால் அளந்து தண்ணீரில் கலந்து, உடுத்தியிருக்கிற சாறனிலும் சேட்டிலும் தெளித்துக்கொண்டு போவதை நான் பார்த்திருக்கிறேன். வயல் வட்டைக்குள் பூச்சிக்கு அடித்து மிஞ்சிய மருந்தில் காற்சட்டைக் காலை நனைத்துக்கொண்டு விறகுக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். உண்ணி கடித்து இரவெல்லாம் சொறிந்தவர்களுக்கு இவர்கள் ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்று விளங்கும், நான் குறை சொல்ல வரவில்லை. உடுப்பில் மருந்து ஏற்றுவது நல்ல யோசனைதான், உலகத்தில் பல நாடுகளில் செய்கிறார்கள். ஆனால் எந்த மருந்தை, எவ்வளவு, எப்படி ஏற்றுவது என்பது தெரியாமல் செய்தால் உண்ணியை விடப் பெரிய ஆபத்தை நாமே உடுத்திக்கொள்கிறோம். அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

நான் வீட்டில் தையல் தைக்கிறவள். எங்கள் வீடு மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில். வீட்டுக்காரர் வேளாண்மையோடு மாடும் பார்க்கிறார், ஆடி மாதம் வந்தால் உகந்தையிலிருந்து காட்டுப் பாதையால் கதிர்காமத்துக்கு நடக்கிற கூட்டம் எங்கள் குடும்பத்திலேயே இருக்கிறது. ஆகவே உண்ணி எங்களுக்கு எப்போதாவது வந்துபோகிற தொல்லை இல்லை.

முதலில் உண்ணி எப்படி ஏறுகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உடுப்பில் எந்த இடத்தில் மருந்து வேண்டும் என்பது அதில்தான் இருக்கிறது. உண்ணிக்குப் பாயத் தெரியாது, பறக்கவும் தெரியாது. மரத்திலிருந்து தலையில் விழுகிறது என்று நம்மவர்கள் சொல்வார்கள், அதுவும் சரியில்லை. புல் நுனியிலோ பற்றை ஓரத்திலோ பின்னங்கால்களால் பிடித்துக்கொண்டு முன்னங்கால் இரண்டையும் விரித்து வைத்துக் காத்திருக்கும், நாம் உரசிக்கொண்டு போகும்போது தொற்றிக்கொள்ளும், பிறகு மேலே மேலே ஊர்ந்து இறுக்கமும் ஈரமும் உள்ள இடத்தைத் தேடும். சாறன் கட்டு, பாவாடை நாடா இறுகும் இடுப்பு, முழங்காலின் பின்பக்கம், அக்குள், காதின் பின்புறம், இவைதான் அதற்குப் பிடித்த இடங்கள். எள்ளை விடச் சின்னதாக இருக்கிற குஞ்சு உண்ணிக்கு ஆறு கால்தான், ஒரு கொத்தாகப் புல்லில் இருக்கும், அந்தப் புல்லை உரசினால் ஒரே நேரத்தில் பெருந்தொகையாக ஏறிவிடும். ஆகவே உண்ணி கடிப்பதற்கு முன்னால் துணிமேல் கொஞ்ச தூரம் நடந்தே ஆகவேண்டும். அந்த நடையில் அதை மடக்குவதுதான் உடுப்பு மருந்தின் வேலை.

இதற்கென்று உலகத்தில் பாவிக்கிற மருந்து பெர்மெத்ரின். செவ்வந்தி இனத்தைச் சேர்ந்த ஒரு பூவிலிருந்து எடுக்கிற பைரெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி பழங்காலத்திலிருந்தே இருந்தது, ஆனால் வெயில் பட்டால் சீக்கிரமே செயலிழந்துவிடும். 1973இல் இங்கிலாந்தின் ரொதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் மைக்கேல் எலியட்டும் அவரோடு வேலை செய்தவர்களும் அதைப் போலவே, ஆனால் வெயிலை அதிகம் தாங்கக்கூடியதாக பெர்மெத்ரினை உருவாக்கினார்கள். பூச்சியின் நரம்பில் சோடியம் போய்வருகிற வாசலை மூடவிடாமல் திறந்தே வைத்திருப்பதுதான் அதன் வேலை, பூச்சி துடித்துக் கால் மடங்கி விழும். மனிதத் தோலுக்குள் அது மிகக் குறைவாகத்தான் போகும், போவதையும் நம் உடம்பு உடைத்து வெளியேற்றிவிடும். அமெரிக்க இராணுவம் 1990களிலிருந்து சீருடையில் இதை ஏற்றுகிறது. அந்த நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு நிலையம் காட்டுக்குப் போகிற பொதுமக்களுக்குச் சொல்வதும் இதைத்தான்: 0.5 சதவீத பெர்மெத்ரின், உடுப்பிலும் சப்பாத்திலும் கூடாரத்திலும் மட்டும், தோலில் வேண்டாம். சொறி சிரங்குக்கு வைத்தியர் எழுதித் தருகிற 5 சதவீதக் கிறீமில் இருப்பதும் இதே பெர்மெத்ரின்தான், ஆனால் அது பூசி, சொன்ன நேரத்துக்குப் பிறகு கழுவுவதற்காகச் செய்தது, அதை உடுப்பில் தேய்க்க வேண்டாம்.

சரி, மாட்டு மருந்தில் என்ன பிழை? எங்கள் மாமா ஒருவர் என்னிடம் நேரே கேட்டார்: "புள்ள, மாட்டைக் கொல்லாத மருந்து மனிசனக் கொல்லுமா?" நியாயமான கேள்விதான். ஆனால் மாட்டுக்கு அடிக்கிற போத்தல் எல்லாம் ஒன்றில்லை. சிலதில் அமிட்ராஸ் இருக்கும், சிலதில் சைபர்மெத்ரின், சிலதில் நரம்பையே தாக்குகிற ஓர்கனோபொஸ்பேற். மாட்டுக்கு அது எப்போதாவது ஒரு நாள், காற்றாட நின்று காய்ந்துவிடும். நாம் அதையே ஈரத்துணியாக, வியர்வையோடு, இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு காலையிலிருந்து பொழுதுபடும் வரை நிற்கிறோம். வயல் மருந்து இன்னும் மோசம். மருந்தை இலையில் ஒட்டவைக்கவும் கரைக்கவும் சேர்த்திருக்கிற எண்ணெய்க் கரைப்பான்கள் தோலை எரிக்கும், தோலுக்குள் மருந்தை இழுத்துக்கொண்டும் போகும். போத்தலின் ஒட்டுச்சீட்டில் எதற்குப் பாவிக்கலாம் என்று எழுதியிருப்பது சும்மா இல்லை, அதில் உடுப்பு அல்லது நுளம்பு வலை என்று இல்லாவிட்டால் அதை உடுப்பில் ஊற்றக்கூடாது. இதில் நான் ஒரு சொட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

எனக்குக் கிடைத்தது அவுஸ்திரேலியாவில் இருக்கிற மச்சாள் வந்தபோது தந்த, துணி ஊறவைப்பதற்கென்றே விற்கிற பெர்மெத்ரின் பெட்டி. அங்கே முகாம் பொருள் விற்கிற கடைகளில் இது சாதாரணமாகக் கிடைக்குமாம். இங்கே தேடுகிறவர்கள் கடைக்காரர் எடுத்துத் தருவதை வாங்காமல், உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் ஒருமுறை கேட்டுவிட்டு, துணிக்கென்று பதிவு செய்த பொருளாக வாங்குங்கள். பீடைகொல்லிகளைப் பதிவு செய்துதான் விற்க வேண்டும் என்று 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டமே இருக்கிறது, பதிவு இலக்கம் இல்லாத போத்தலைத் தொடவே வேண்டாம்.

இனி வேலைக்கு வருகிறேன். ஒரு லீற்றர் கலவை 0.5 சதவீதமாக இருக்க அதில் 5 கிராம் பெர்மெத்ரின் இருக்க வேண்டும். துணிக்கான செறிவுப் போத்தலில் 10 சதவீதம் என்று இருந்தால் 50 மில்லிலீற்றர் மருந்தும் 950 மில்லிலீற்றர் தண்ணீரும். அவ்வளவுதான் கணக்கு. போத்தலில் வேறு அளவு சொல்லியிருந்தால் போத்தல் சொல்வதைக் கேளுங்கள். இரண்டு மடங்கு ஊற்றினால் இரண்டு மடங்கு நாள் நிற்கும் என்று நினைக்க வேண்டாம், துணி பிடித்துக்கொள்வதற்கு ஒரு எல்லை இருக்கிறது, மிச்சம் முதல் கழுவலிலேயே போய்விடும், அது போகிற இடம் நம் கிணற்றடி.

எத்தனை லீற்றர் கலப்பது என்பதைத் தையல்காரியாகச் சொல்கிறேன், இதை யாரும் சொல்லித் தருவதில்லை. உடுப்பை முதலில் வெறும் தண்ணீரில் நனைத்து, சொட்டாத அளவுக்குப் பிழிந்து, எவ்வளவு தண்ணீர் குறைந்திருக்கிறது என்று அளந்து பாருங்கள். முழுக்கைப் பருத்திச் சேட் ஒன்று கால் லீற்றருக்கும் அரை லீற்றருக்கும் இடையில் குடிக்கும், பொலியெஸ்டர் கலந்தது அதைவிடக் குறைவாக, டெனிம் அதைவிடக் கூடுதலாக. அந்த அளவை எழுதி வைத்துக்கொண்டு உடுப்பை நன்றாகக் காயவிட்டு, பிறகு அந்த அளவுக்கு மட்டும் மருந்தைக் கலந்தால் ஊற்றுவதற்கு மிஞ்சாது. மருந்து தண்ணீரில் கரையாது, கலக்கும்போது பால் நிறத்தில் வரும். ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு, கைப்பட்டியையும் கழுத்துப்பட்டியையும் தனியாக அழுத்திவிட வேண்டும், அங்கே துணி இரண்டு மூன்று மடிப்பாக இருப்பதால் மருந்து உள்ளே போகாமல் நிற்கும். காற்சட்டைக் காலின் மடிப்புத் தையலும் அப்படித்தான், உண்ணி முதலில் ஏறுகிற இடமும் அதுதான்.

தெளிக்கிற போத்தலாக இருந்தால் உடுப்பை வெளியில் கொடியில் போட்டு, ஒரு சாண் தள்ளிப் பிடித்து, ஒவ்வொரு பக்கமும் துணி ஈரமாகிற வரை அரை நிமிடம் தெளியுங்கள். காற்று நம் முகத்துக்கு அடிக்காத பக்கத்தில் நின்றுகொள்ள வேண்டும். எதுவாக இருந்தாலும் நிழலில்தான் காயப்போட வேண்டும், வெயில் மருந்தைத் தின்றுவிடும். எங்கள் பக்கத்து ஈரக்காற்றுக்கு நாலு மணித்தியாலமாவது வேண்டும். முழுக்கக் காயாத உடுப்பைப் போடவே கூடாது. உள்ளுடுப்புக்கு மருந்து தேவையில்லை. சட்டைக்கையை வாயில் வைத்துச் சப்புகிற வயதுப் பிள்ளைகளின் உடுப்புக்கும் வேண்டாம்.

இப்படி வீட்டில் ஏற்றிய மருந்து ஏறக்குறைய ஆறு கழுவலுக்கோ ஆறு கிழமைக்கோ வேலை செய்யும், தொழிற்சாலையில் ஏற்றிய உடுப்பு 70 கழுவல் வரை தாங்கும் என்று எழுதி விற்கிறார்கள். பட்டிக்குப் போட்ட உடுப்பை ஒவ்வொரு நாளும் அடித்துத் துவைக்காமல், உதறி நிழலில் காற்றாடப் போட்டு, கறுப்புப் பையில் கட்டி வைத்தால் கூடுதல் நாள் வரும். துவைக்கும்போது வீட்டு உடுப்போடு சேர்க்காமல் தனியாக, மெதுவாக.

மாமாவுக்கு நம்பிக்கை வந்தது வேறு விதமாக. மாட்டின் காதுக்குள்ளிருந்து எடுத்த உண்ணி ஒன்றை மருந்து ஏற்றிக் காய்ந்த சேட்டின் கையில் விட்டோம். முதலில் விறுவிறென்று ஓடியது, பிறகு நின்று நின்று காலைத் தூக்கித் தூக்கி வைத்தது, சில நிமிடத்துக்குள் பிடி தளர்ந்து துணியிலிருந்து கீழே விழுந்து மல்லாக்கக் கிடந்து காலை மடக்கியது. மருந்து போடாத துணியில் விட்ட மற்றது நேரே தையலைத் தேடிப் போய் ஒளித்துக்கொண்டது. மாமா ஒன்றும் சொல்லவில்லை, அடுத்த நாள் தன்னுடைய இரண்டு சாறனைக் கொண்டுவந்து தந்தார்.

பூனை உள்ள வீட்டுக்காரர்கள் இதைக் கட்டாயம் வாசியுங்கள். பூனையின் உடம்பால் பெர்மெத்ரினைச் சரியாக உடைக்க முடியாது. ஈரமாக இருக்கிற துணியில் பூனை படுத்தாலோ, மருந்து பட்ட மயிரை நக்கினாலோ வலிப்பு வந்து செத்தும் போகலாம். காய்ந்த பிறகு ஆபத்து குறைவு, ஆனாலும் ஊறவைக்கிற வாளி, கொடி எல்லாம் பூனை வராத இடத்தில் இருக்கட்டும். மீனுக்கும் இறாலுக்கும் தேனீக்கும் இது கொடிய நஞ்சு. வாளி கழுவிய தண்ணீரை வாய்க்காலிலோ குளத்திலோ வாவிக்கரையிலோ ஊற்றக்கூடாது. வாவியை நம்பி இறாலும் மீனும் பிடிக்கிற குடும்பங்கள் எத்தனை இருக்கின்றன என்று உங்களுக்கே தெரியும். வாவிக்கு அந்தப் பக்கம், கடலோரமான எழுவான்கரையில் மணல் நிலம், கிணறும் ஆழமில்லை, அதனால் கிணற்றடியிலும் வேண்டாம். நான் செய்வது, கடைசியாக மிஞ்சுகிற கொஞ்சத்தையும் மேஸிலும் தோள்பையிலும் ஒற்றி முடித்துவிடுவது. வாளியை அதற்கென்றே ஒதுக்கி வைத்துவிட்டேன்.

கதிர்காமத்துக்கு நடக்கிறவர்களுக்குத் தனியாக ஒன்று. உகந்தையைத் தாண்டிக் குமனைக் காட்டுக்குள்ளால் போகும்போது பெரும்பாலும் வெறுங்கால், வேட்டி, சேலை. அந்த நேர்த்தியை மாற்றச் சொல்ல எனக்கு மனமில்லை, மாற்றவும் தேவையில்லை. சேலையின் கீழ்க்கரையும் உள்பாவாடையின் கீழ்ப்பாதியும் வேட்டிக் கரையும் மருந்து ஏற்றியிருந்தால் போதும், கூடவே இரவில் விரித்துப் படுக்கிற துணியின் அடிப்பக்கமும் பையும். உண்ணி ஏறுவது நடக்கும்போது மட்டுமில்லை, நிழலில் இலைச்சருகுமேல் உட்கார்ந்து களைப்பாறும்போதும்தான். ஆற்றில் குளிக்கும்போது மருந்து ஏற்றிய துணியோடு இறங்க வேண்டாம், மீனை நினைத்துக்கொள்ளுங்கள், குளிக்க ஒரு துணியைத் தனியாக வைத்திருங்கள்.

மருந்தே கிடைக்காதவர்கள் என்ன செய்வது? துணி நெசவே பாதி மருந்து. நான் நெருக்கமாக நெய்த பொப்ளினில் முழங்கால் வரை வருகிற உறை தைத்துக் கொடுக்கிறேன், மலைநாட்டில் அட்டைக்குப் போடுவார்களே அதே மாதிரி, மேலே நாடா போட்டுச் சுருக்கிக் கட்டுவது. காற்சட்டைக் காலை அதற்குள் விட்டுக் கட்டினால் உண்ணி துணிக்கு வெளியேதான் ஏறவேண்டும், வெளிறிய நிறமாக இருந்தால் ஏறுவது கண்ணுக்குத் தெரியும், தட்டிவிடலாம். மாரி காலத்தில் லகுகலைக் காட்டுப் பக்கம் போகிறவர்கள் அந்த உறையின்மேல் காய்ந்த சவர்க்காரக் கட்டியைத் தேய்த்துக்கொண்டால் அட்டைக்கு நல்லது, மழையில் நுரைத்துப் போகும்போது திரும்பத் தேய்க்க வேண்டும்.

வேப்பெண்ணெயைப் பற்றிக் கேட்பீர்கள். இந்தியாவில் தேங்காயெண்ணெயில் 2 சதவீதம் வேப்பெண்ணெய் கலந்து பூசி மலேரியா நுளம்புக்குப் பரிசோதித்தபோது நல்ல பலன் கிடைத்தது. நுளம்புக்கு நானும் பூசுகிறேன், மணம்தான் கொஞ்சம் சகிக்க வேண்டும். உடுப்பில் ஊற்றினால் கறை பிடிக்கும், உண்ணிக்கு அதை நம்பிக் காட்டுக்குள் இறங்க மாட்டேன். தெற்கில் செய்கை பண்ணுகிற சிட்ரோனெல்லா எண்ணெயும் அப்படித்தான், மணம் இருக்கும் வரை நுளம்பு விலகும், ஒரு மணித்தியாலமோ இரண்டோ போனால் மணமும் இல்லை, காவலும் இல்லை. மண்ணெண்ணெயைக் காலில் பூசுவதை விட்டுவிடுங்கள், தோல் வெந்து உரியும், அடுப்படிக்கோ பீடி பற்றவைக்கவோ போனால் இன்னும் பெரிய ஆபத்து. புகையிலையை ஊறவைத்த தண்ணீரில் உடுப்பை நனைக்கிற பழக்கமும் நல்லதில்லை, நிக்கொட்டின் ஈரத்துணி வழியாகத் தோலுக்குள் போய்த் தலைச்சுற்றும் வாந்தியும் வரும். வெளியே தெரிகிற கைக்கும் கழுத்துக்கும் மருந்துக்கடையில் விற்கிற டீட் சேர்ந்த நுளம்புக் கிறீம் போதும், உடுப்புக்குப் பெர்மெத்ரின், தோலுக்கு அது.

இவ்வளவு பாடு எதற்கு என்று நினைக்கிறவர்களுக்கு: உண்ணி கடித்தால் அரிப்பு மட்டும் என்றால் நான் இத்தனை எழுதியிருக்க மாட்டேன். இலங்கையில் உண்ணியால் பரவுகிற புள்ளிக் காய்ச்சலும் இருக்கிறது, உண்ணியைவிட மிகச் சின்னதான, கண்ணுக்கே தெரியாத ஒரு சிற்றுண்ணியின் குஞ்சால் பரவுகிற ஸ்க்ரப் டைபஸும் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் ஆசியக் காடுகளில் படையினர் அந்தச் சிற்றுண்ணிக்குப் பயந்துதான் டைபியூட்டைல் தலேற் என்ற திரவத்தைச் சீருடையில் பூசினார்கள், உடுப்புக்கு மருந்து என்ற பழக்கம் பெரிய அளவில் வளர்ந்ததில் அதற்கும் பங்கு இருக்கிறது. நாட்டில் சில மாவட்டங்களில் மணல் ஈ கடித்து ஆறாத தோல்புண் வருவதும் இப்போது சாதாரணமாகிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் உடுப்பைக் கட்டிலில் போடாமல் கொதிநீரில் போடுங்கள், குளிர்ந்த தண்ணீரில் எவ்வளவு துவைத்தாலும் உண்ணி சாகாது. மருந்து ஏற்றிய உடுப்பென்றால் கொதிநீர் வேண்டாம், வெளியில் உதறினால் போதும். பிறகு குளித்து, இடுப்பு, அக்குள், தொடை இடுக்கு, காதுப் பின்புறம் எல்லாம் தடவிப் பாருங்கள், முதுகை வேறொருவர் பார்க்கட்டும். கடித்துக்கொண்டிருக்கிற உண்ணியில் சுண்ணாம்பு, எண்ணெய், பீடி நெருப்பு ஒன்றும் வைக்க வேண்டாம், அது உள்ளிருப்பதை நம் இரத்தத்துக்குள் கக்கும். நுனி கூரான சாமணத்தால் தோலோடு ஒட்டப் பிடித்து, முறுக்காமல் நேரே மேலே இழுத்தெடுத்துவிட்டு, சவர்க்காரம் போட்டுக் கழுவினால் சரி. நகத்தால் நசுக்கக்கூடாது. காதுக்குள் போயிருந்தால் குச்சியோ ஊசியோ விடாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், அவர்கள் இதைப் பார்த்துப் பழகியவர்கள்.

பட்டிக்கோ காட்டுக்கோ போய்வந்த இரண்டு கிழமைக்குள் காய்ச்சலும் கடும் தலையிடியும் வந்து, உடம்பில் எங்காவது சிகரெட் சுட்ட மாதிரி ஒரு கறுத்த பொருக்கு இருந்தால் பனடோல் போட்டுக்கொண்டு படுத்திருக்க வேண்டாம். டெங்கு என்றே எல்லாரும் முதலில் நினைப்பார்கள், அந்தப் பொருக்கு இடுப்புக்குக் கீழே மறைவாக இருந்தால் வெட்கப்பட்டுச் சொல்லாமல் விட்டுவிடுவோம். நான் மேலே சொன்ன புள்ளிக் காய்ச்சலும் ஸ்க்ரப் டைபஸும் டொக்சிசைக்கிளின் என்ற சாதாரண மருந்துக்கு அடங்குகிற காய்ச்சல்கள்தான், ஆனால் நேரத்துக்குத் தொடங்க வேண்டும். ஆகவே வைத்தியர் கேட்கும்வரை இருக்காமல், பட்டிக்குப் போனேன், காட்டுக்குப் போனேன், எத்தனையாம் திகதி போனேன், இந்த இடத்தில் கடித்தது என்று நீங்களாகவே சொல்லிவிடுங்கள்.